எங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் வேற

நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை. கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் முதல் பனி விழப்போகிறது என்று வானொலி காலையிலிருந்து மிரட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டு வாசலில் கார் ஒன்று ஜாக்கியின் மேல் ஏறி நிற்கிறது. கோடை டயரைக் கழற்றிவிட்டுப் பனிக்கால டயரை மாட்டுகிற வேலை. சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருக்கும் மகள் ஜானிஸ், தலையைத் திருப்பாமல், "அப்பா, டிரங்க்ல இருந்து அந்த ரெஞ்சை எடுங்க" என்கிறாள். தகப்பனார் நெவில் கிராப்ட்ரீ, குளிரில் மூக்கு ஒழுக, கையில் கந்தல் துணியோடு பக்கத்தில் நிற்கிறார். அவர் செய்ய வேண்டியது என்ன? ரெஞ்சை எடுத்துத் தர வேண்டும். அவர் செய்தது என்ன? துணியை நான்காக மடித்தார். தோளில் போட்டுக்கொண்டார். ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

"டிரங்க்குன்னா யானைக்கு இருக்கிறது, கண்ணு. கார்ல இருக்கிறதுக்கு எங்க ஊர்ல பூட்னு பேரு."

"பூட் கால்ல போடுறது."

"அது உங்க ஊர்ல."

"அம்பது வருஷமா நீங்களும் இந்த ஊர்லதான் இருக்கீங்க. ரெஞ்சை எடுங்கப்பா, கை விறைக்குது."

"எந்த ரெஞ்சு? நானும் தேடிப் பாத்துட்டேன். இங்க ஒரு ஸ்பானர்தான் இருக்கு."

வாசகரே, இந்த இனத்தைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. சொற்சுங்க அதிகாரி என்று இதற்குப் பெயர் வைப்போம். ஒரே மொழியைப் பேசுகிற இரண்டு ஊர்களுக்கு நடுவில், யாரும் போடச் சொல்லாத ஒரு சோதனைச் சாவடியைப் போட்டுக்கொண்டு, சம்பளம் இல்லாமல், சீருடை இல்லாமல், விடுமுறையும் எடுக்காமல், அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பையைத் திறந்து காட்டச் சொல்கிறவர். இவரை இலக்கண வாத்தியாரோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாத்தியார் நீங்கள் சொன்னது தப்பு என்பார். அவரோடு சண்டை போடலாம். இவர் அப்படிச் சொல்லவே மாட்டார். நீங்கள் சொன்னது முழுக்கச் சரி என்பார். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊரில் நீங்கள் இப்போது சொன்னது மகா அசிங்கம் என்பார். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

இந்த இனத்தில் நெவில் முதல் தரம். இங்கிலாந்தில் போல்டன் நகரத்தில் பிறந்து வளர்ந்து, இளைஞனாக ஒரே ஒரு பெட்டியோடு ஹாமில்டனுக்கு வந்து, இரும்பாலையில் கிரேன் ஓட்டி, ஓய்வு பெற்றவர். கிரேனின் உச்சியில் தனியாக உட்கார்ந்திருந்த காலத்தில் யாரையும் திருத்த முடியவில்லை. அந்தப் பாக்கியை எல்லாம் தினமும் தரையில் இறங்கிய பிறகு தீர்த்துக்கொண்டார்.

அவருடைய முதல் பலி மாமியார். ஹாமில்டன் வந்த புதிதில் லொரேன் என்ற பெண்ணைக் காதலித்து, அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். பெண்ணின் தாயாரைக் குளிர்விக்க வேண்டும் என்று, "உங்க பொண்ணு ரொம்ப ஹோம்லி" என்றார். நம் கல்யாண விளம்பரங்களில் வருகிற அதே அர்த்தத்தில்தான் சொன்னார். அவர் ஊரிலும் கிட்டத்தட்ட அதுதான் அர்த்தம். கனடாவில் அந்தச் சொல்லுக்கு, பார்க்கச் சகிக்காது என்று பொருள். உருளைக்கிழங்குக் கிண்ணம் நெவிலுக்கு எதிரே வந்து, நிற்காமல் அடுத்தவரிடம் போய்விட்டது. வேறொருவர் என்றால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். நெவில் மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் விளக்கம் கொடுத்தார். கல்யாணம் நடந்தது, ஜானிஸ் பிறந்தாள், கல்யாணம் சில வருடங்கள் தாங்கியது, பிறகு லொரேன் வான்கூவருக்குப் போய்விட்டாள். அந்த ஒரு சொல் காரணமில்லை என்று இருவருமே சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த விளக்கங்களைப் பற்றி லொரேன் எதுவும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு டுவேன் நல்ல மனிதன். ஒரு நாள் காலை, பனி வாரும் மண்வாரியை ஊன்றிக்கொண்டு, வேலிக்கு மேல் மனக்குறையைக் கொட்டினான்.

"என் வீட்டுக்காரி நேத்து மத்தியானத்துலேர்ந்து பிஸ்டா இருக்கா, நெவில். மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறா."

"நேத்து மத்தியானத்துலேர்ந்தா? அடப்பாவி! அவ்வளவு சரக்கு வீட்ல எங்க வெச்சிருக்க?"

டுவேன் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கோபம். நெவில் ஊரில் போதை. விளக்கம் முடிவதற்குள் டுவேனின் வாசலில் இன்னொரு அடுக்குப் பனி விழுந்துவிட்டது. மனைவி ஏன் கோபமாக இருந்தாள் என்று நெவில் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. இந்த இனத்தின் முக்கிய அடையாளம் இது. உங்கள் வீடு பற்றி எரிகிறது என்று சொல்லுங்கள். அவர் காதில் நெருப்பு விழாது, நீங்கள் வீட்டுக்குச் சொன்ன பெயர்தான் விழும்.

இருவரும் ஒரே கர்லிங் கிளப்பில் ஒரே அணி. கிளப்பின் நடுவில் பெரிய கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் பனித்தளத்தில் கைப்பிடி வைத்த கருங்கல்லை வழுக்கிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடுவார்கள். இந்தப் பக்கம் குடித்துக்கொண்டே அதைக் குறை சொல்வார்கள். ஒரு வருடம், போட்டிக்கு எல்லோரும் கறுப்பு பேண்ட்ஸ் போட்டு வர வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. நெவில் எழுந்தார். விரல் எழுந்தது.

"எங்க ஊர்ல அதை உள்ளாறதான் போடுவோம். என்ன கலர்னு செயலாளர் எப்படிச் சோதிப்பாருன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, நான் உக்காந்துர்றேன்."

அன்றுதான் மணி வந்தது. டுவேன் ஒரு பழைய படகிலிருந்து கழற்றி வந்த பித்தளை மணியை மதுக்கூடத்துத் தூணில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். சட்டம் எளியது. நெவில் வாயிலிருந்து "எங்க ஊர்ல" என்று வந்தால், பக்கத்தில் இருக்கிற யாரும் கயிற்றை இழுக்கலாம். மணி அடித்துவிட்டால், பனித்தளத்தில் அடுத்த கல் ஓடி நிற்கும்வரை நெவில் பேசக் கூடாது. மற்றவர்களும் பேச மாட்டார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தவிப்பதை ரசிப்பார்கள். கல் நின்றதும், தண்ணீருக்கு மேல் தலையை நீட்டியவர் மாதிரி மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். இப்படிப் பல குளிர்காலங்கள். கிளப்பில் எல்லோருடைய கையும் அந்தக் கயிற்றுக்குப் பழகிவிட்டது. டுவேனின் கை அவனைக் கேட்காமலே போகும்.

ஜானிஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவளே அதிகம் சொல்ல மாட்டாள். லிஃப்ட்களைப் பரிசோதிப்பது அவள் வேலை. இருபது மாடிக் கட்டடத்தின் தலையில் ஏறி, ஒரு போல்ட் ஆடுகிறது என்றால் லிஃப்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிடுவாள். கட்டடச் சொந்தக்காரர் கெஞ்சுவார். "ஆடுது" என்பாள். அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் அவள் அந்த யந்திரத்தை எலிவேட்டர் என்று சொன்னாள்; வாழ்நாள் முழுவதும் அவள் தகப்பனார் அதை லிஃப்ட் என்று திருப்பிக் கொடுத்தார். "என் வேலையோட பேரையாவது என்கிட்ட விடுங்கப்பா" என்று ஒரு முறை கேட்டாள். விட்டார். ஒரு வாரம்.

அந்தச் சனிக்கிழமை நான்கு சக்கரங்களும் ஏறிய பிறகு, நெவில் ஒவ்வொரு நட்டையும் தானே கடைசியாக ஒரு தடவை முடுக்கினார். மகள் ஏற்கெனவே முடுக்கியிருந்தாள். அவளுக்கு அது தொழில். இருந்தும் அவர் கைப்பட முடுக்க வேண்டும். ஸ்பானரைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்தார்.

"புதுசா மாட்டின சக்கரம் ஓட ஓட உக்காரும், கண்ணு. ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா. திரும்ப ஒரு முடுக்கு முடுக்கித் தர்றேன்."

"நானே பாத்துக்குவேன்பா."

"நீ மறந்துருவ. நீ வா."

அடுத்த வாரமே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜானிஸைத் தனியே கூப்பிட்டு, இதயம் கால் பங்குதான் வேலை செய்கிறது என்றார். அவளுக்கு அந்தக் கணக்கு புரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் அஸ்தியை ஹாமில்டனில் வைப்பதா, போல்டனில் அவர் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைப்பதா? ஐம்பது வருடம் பேசிய மனிதர், இதை மட்டும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு இப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. ஊரார் சொல்கிற நாசூக்கான சொல்லை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். ஒருவேளை நீங்க பாஸ் ஆயிட்டீங்கன்னா…"

விரல் எழுந்தது. அதோடு சேர்ந்து ஊசிக் குழாயும் எழுந்தது.

"பாஸா? எங்க ஊர்ல பரீட்சையிலதான் பாஸ் ஆவாங்க. நான் ஒண்ணுலகூட ஆனதில்ல. இந்த ஊர்ல எவனுமே சாகறதில்ல பாத்தியா, எல்லாப் பயலும் பாஸு. செத்தா செத்துட்டான்னு சொல்லு."

"சரி. செத்துட்டா, உங்கள எங்க வைக்கிறது?"

அவர் வாயைத் திறந்தார். அப்போது பார்த்து நர்ஸ் உள்ளே வந்தாள். ஆஸ்திரேலியாக்காரி, சிரித்த முகம்.

"பெரியவரே, பாத்ரூம் தரை வழுக்குது. போறப்ப உங்க தாங்ஸ் போட்டுட்டுப் போங்க."

நெவில் அவளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். அந்தச் சொல் அவள் ஊரில் ஹவாய் செருப்பு. கனடாவிலும் இங்கிலாந்திலும் அது உள்ளாடை. அதிலும், தைக்கிறவர் துணியை மறந்துவிட்ட மாதிரியான உள்ளாடை.

"எழுவத்திநாலு வயசாச்சும்மா எனக்கு. அதைப் போட்டா வழுக்காதுங்கிறியா?"

பிறகு அந்த அறையில் நடந்ததை உற்சவம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு நாட்டு எல்லையைக் காத்துக்கொண்டிருந்தவருக்கு, ஆயுள் முடிகிற நேரத்தில் மூன்றாவது எல்லை திறந்தது. அவள் ஒரு சொல் சொன்னாள். அவர் ஒரு சொல் சொன்னார். இருவரும் மாறி மாறி முகம் சுளித்தார்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள், யந்திரம் கீச்சிட்டது, அவள் அதை அணைத்துவிட்டு அடுத்த சொல்லைக் கேட்டாள். ஜானிஸ் நாற்காலியில் காத்திருந்தாள். அவர் களைத்துத் தூங்கிப்போனார். காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். விடிவதற்கு முன்பே செத்துப்போனார். அவர் சொல்லச் சொன்னபடிதான் இங்கே சொல்லியிருக்கிறது.

அவள் கேட்டது பதில். கிடைத்தது திருத்தம்.

போல்டனிலிருந்து அவருடைய அக்கா மாரீன் தொலைபேசியில் அழைத்தாள். "அவன இங்க குடுத்துரு, கண்ணு. அம்மா பக்கத்துல இடம் இருக்கு. அம்பது வருஷம் ஊர் ஊர்னு கெடந்தவன். நானே வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றாள். சொன்னபடியே தனியாக விமானம் ஏறி வந்துவிட்டாள். மறுநாள் நினைவுக் கூட்டம், அன்று மாலையே திரும்பும் விமானம்.

ஜானிஸுக்கு அவரை அனுப்ப மனமில்லை. ஆனால் தன் மனதை அவள் என்றைக்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்டதில்லை. லிஃப்ட் பத்திரமாக இருக்கும் என்று ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட முடியாது. ஒரு மனிதர் எழுந்த நேரமெல்லாம், நின்ற இடமெல்லாம், எங்க ஊர், எங்க ஊர் என்றிருக்கிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். கூட்டம் முடிந்ததும் அஸ்திப் பெட்டியை அத்தை கையில் கொடுத்துவிட வேண்டும்.

நினைவுக் கூட்டம் கர்லிங் கிளப்பில். நெவிலின் அஸ்தி ஒரு மரப்பெட்டியில், சாண்ட்விச் தட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. பழைய இரும்பாலைக்காரர்கள், அணிக்காரர்கள், கோட்டும் டையுமாக, எந்தச் சொல்லைச் சொல்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ் ஆகிவிட்டார் என்று ஒருவர் ஆரம்பித்து, பெட்டியைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். டுவேன் தூணில் சாய்ந்து நின்றான். ஜானிஸைப் பேசச் சொன்னார்கள். எழுந்தாள். "வந்ததுக்கு நன்றி. சாப்பிடுங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

அப்புறம் மாரீன் எழுந்தாள். குள்ளமான உருவம், குரல் மட்டும் கடைசி வரிசைக்குப் போனது.

"காலையிலேர்ந்து எல்லாரும் என்கிட்ட வந்து, 'உங்க ஊரைப் பத்தி அவர் பேசாத நாளே இல்லம்மா'ங்கிறீங்க. எனக்கு ஒரே ஆச்சரியமா இருக்கு. எங்ககிட்ட வந்தா அவன் உங்க ஊரைப் பத்தித்தானே பேசுவான்?"

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"நிஜமாத்தான் சொல்றேன். போல்டன்ல துணிக்கடைக்குப் போய் பேண்ட்ஸ் வேணும்பான். கடைக்காரன் ஜட்டியை எடுத்துப் போடுவான். உடனே விரலைத் தூக்கிருவான்: 'எங்க ஊர்ல இது கணுக்கால் வரைக்கும் வரும்.' காப்பிக் கடையில போய் டபுள் டபுள்ம்பான். அந்தப் பொண்ணு முழிக்கும். 'ரெண்டு சர்க்கரை, ரெண்டு கிரீம். கனடாவுல கைக்குழந்தைகூட இதைக் கேட்டா புரிஞ்சுக்கும்'னு பாடம் நடத்துவான். பின்னால வரிசை தெரு வரைக்கும் நிக்கும். என் மருமகன் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கனடாக்காரன்னுதான் சொல்லுவான். 'கனடாக்காரன் எப்ப வர்றாரு, ஊரை விட்டு ஓடிடறேன்'பான்."

இப்போது சிரித்தார்கள். ஜானிஸ் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். தகப்பனார் தனியாகத்தான் போல்டன் போய் வருவார். அங்கே அவர் என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

"போன மாசம் என் பிறந்தநாளுக்கு வந்தான். ரெண்டு வாரம் இருக்கேன்னான். பாதியில பெட்டியைக் கட்டிட்டான். ஏன்டான்னா, மகளுக்கு டயர் மாத்தணுமாம். ஏன்டா, அந்த ஊர்ல மெக்கானிக்கே கிடையாதான்னேன். 'இருக்கான், ஆனா மாட்டிட்டுப் போயிருவான்க்கா, திரும்ப ஒரு தடவை முடுக்க மாட்டான்'ங்கிறான். இருந்து கேக்கையாவது வெட்டிட்டுப் போடான்னேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவன் வாசல்ல நின்னு, தொப்பியை மாட்டிக்கிட்டு, 'முடியாதுக்கா. எங்க ஊர்ல பனி வந்துரும்'…"

டங்.

டுவேனின் கை கயிற்றில் இருந்தது. டுவேன் அந்தக் கையைப் பார்த்தான், யாரோ தன் சட்டைக்குள் மாட்டிவிட்டுப் போன கையைப் பார்ப்பது போல. முகம் வெளுத்துவிட்டது. இறந்தவர் பெட்டியில் இருக்கும்போது, அவருடைய அக்கா பேசும்போது, மணி அடித்தவன் இந்த ஊரில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

யாரும் பேசவில்லை. மணி அடித்தால் பேசக் கூடாது. அத்தனை பேரும் பழகியவர்கள். மாரீனுக்குச் சட்டம் தெரியாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து அவளும் மூடிக்கொண்டாள். கல் ஓடி நிற்கும்வரை இப்படி இருக்க வேண்டும். ஆனால் இன்று ஆட்டம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனித்தளம் வெறுமையாகக் கிடந்தது. எந்தக் கல் ஓடும்? எப்போது நிற்கும்? மௌனத்தைத் தொடங்கிவிட்டார்கள், முடிக்கிற வழி யாருக்கும் தெரியவில்லை.

ஜானிஸ்தான் சட்டத்தை மீறினாள்.

"டுவேன். கல்லு."

டுவேன் கயிற்றை விட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு பனித்தளத்தில் இறங்கினான். சாவுக்குப் போட்டு வந்த பளபளப்புச் செருப்பு, சப்பாத்து என்று எதைச் சொன்னாலும் சரி, அது வழுக்கியது. இரண்டு முறை விழப்பார்த்தான். ஒரு கல்லை உருட்டி நிறுத்தி, மண்டியிட்டு, தள்ளினான். அணியில் மிச்சமிருந்த இரண்டு கிழவர்கள், யாரும் சொல்லாமலே, ஆளுக்கொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, டை தோளில் பறக்க, கல்லுக்கு முன்னால் பெருக்கிக்கொண்டே ஓடினார்கள். மற்றவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கல் அந்தத் தளத்தின் முழு நீளமும் போனது. மெல்லத் திரும்பியது. இன்னும் போகும் போலிருந்தது. நின்றது.

யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"இப்பப் பேசலாமா?" என்று மாரீன் கிசுகிசுத்தாள்.

"பேசலாம், அத்தை."

மாரீன் பெட்டியின் பக்கம் போனாள். அதன்மேல் விழுந்திருந்த ரொட்டித் துணுக்கு ஒன்றைத் தட்டிவிட்டாள்.

"இவன் இங்கயே கெடக்கட்டும், கண்ணு. என் பிறந்தநாளுக்கே தங்காதவன். அதோட, அங்க கொண்டு போய் வெச்சா அம்மாவை நாள் பூரா திருத்திக்கிட்டே இருப்பான். அவளுக்கு இப்பதான் கொஞ்சம் நிம்மதி."

"சரி" என்றாள் ஜானிஸ். பிறகு சாண்ட்விச் தட்டுகளை ஒழுங்குபடுத்தினாள். அவை ஒழுங்காகத்தான் இருந்தன.

கூட்டம் கலைந்தபோது வெளியே பனி தூவ ஆரம்பித்திருந்தது. மாரீனின் பையை வைக்க ஜானிஸ் காரின் டிக்கியைத் திறந்தாள். உள்ளே, நான்காக மடித்த கந்தல் துணியில் சுற்றி, ஸ்பானர் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும், சுடுகாட்டுக்கும் விமான நிலையத்துக்கும் என்று அவர் சொன்ன நூறு கிலோமீட்டரைப் போல நான்கு மடங்கு ஓடியாகிவிட்டது. ஒரு போல்ட் ஆடினால் இருபது மாடி லிஃப்டை நிறுத்துகிறவள், முடுக்காத நட்டுகளோடு வந்து போய்க்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அது அவர் செய்து தருகிறேன் என்று சொன்ன வேலை.

கொஞ்சம் பொறுங்கள், வாசகரே. அவள் குனிவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை. இரண்டு கிழவர்கள் துடைப்பத்தோடு ஓடினார்கள் என்று சற்று முன்னால் வந்தபோது, 'துடைப்பமா, எங்க ஊர்ல வாரியல்' என்று உங்களுக்குள் ஏதாவது எழுந்ததா? இல்லை, சீமாறா? விளக்குமாறா? டுவேனின் காலில் கிடந்தது செருப்பா, சப்பாத்தா, பூட்ஸா என்று தீர்ப்புச் சொல்ல நாக்கு துருதுருத்ததா? ஒரு மனிதர் செத்துப் பெட்டியில் இருக்கிறார், ஒரு மகள் நிற்கிறாள், உங்கள் கவலை விளக்குமாற்றில் இருந்ததா? இருந்திருந்தால் இருக்கட்டும். இப்போது உங்கள் வலது கையைப் பாருங்கள். அந்த விரல் எங்கே இருக்கிறது?

ஜானிஸ் முன் சக்கரத்துக்கு எதிரே, பனியில், நல்ல உடுப்போடு குந்தினாள். டுவேன் பின்னாலேயே வந்து நின்றான். மணி அடித்த குற்றத்துக்கு ஏதாவது ஒரு கைவேலை செய்துவிட்டால் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு.

"குளிருது, ஜானிஸ். அந்த ரெஞ்சை இப்படிக் குடு. நான் பண்றேன்."

அவள் தலையைத் திருப்பவில்லை.

"ஸ்பானர்" என்றாள். "எங்க வீட்ல அதுக்குப் பேர் ஸ்பானர்."

வாசற்படியில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த மாரீன் ஒரு கணம் யோசித்தாள். திரும்பி உள்ளே போனாள். அவள் எங்கே போகிறாள் என்று டுவேன் எட்டிப் பார்ப்பதற்குள் அது கேட்டுவிட்டது.

டங்.

இனி அடுத்த கல் ஓடி நிற்கும்வரை ஜானிஸ் பேசக் கூடாது. அவளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. முதல் நட்டில் ஸ்பானரை மாட்டி அழுத்தினாள். கால் சுற்று திரும்பியது. அவர் சொன்னபடியே சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் கிரீஸ் ஆயிற்று. இன்னும் பத்தொன்பது நட்டு இருந்தது.